அப்படியே எடுத்துப் போடு



இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் உட்கார்ந்து படியுங்கள். அடுப்பில் பால் வைத்திருப்பவர்கள் இறக்கிவிட்டு வாருங்கள். 1996-ல் என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவர்கள் கட்டாயம் கடைசி வரை படிக்க வேண்டும்.

ஓய்வு பெற்ற பிறகு நான் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டு வருவது உங்களில் பலருக்குத் தெரியும். "டீச்சர், இந்த வயசுல எதுக்கு?" என்று கேட்டவர்களும் உண்டு. பெரிய காரணம் ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நாலைந்து பேர் சாயங்காலம் கணக்குப் படிக்க வருகிறார்கள். வாய்ப்பாடு என்றால் ஓடுகிறார்கள், போன் என்றால் உட்காருகிறார்கள். போனிலேயே வாய்ப்பாடும் வர்க்கமும் கேட்கிற மாதிரி ஒரு சின்னப் பக்கம் செய்தால் என்ன என்று தோன்றியது. என் தங்கை மகன் பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கிறான். போன பொங்கலுக்கு முந்தின பொங்கல் லீவில் அவன்தான் ஜாவாஸ்கிரிப்ட் சொல்லிக்கொடுத்தான். அதில் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம் என்று அவன் காட்டியதும் எனக்குப் பாதிப் பயம் போய்விட்டது. என் புரோகிராமில் 'வர்க்கம்', 'இருமடங்கு', 'புதுஎண்' என்றுதான் எல்லாம் இருக்கும்.

இந்தப் பொங்கலுக்கு அவன் வந்தபோது, "நீ ஆபீஸ்ல என்னதான்டா வேலை செய்யறே?" என்று கேட்டேன். "கம்பைலருக்கு பிளக்இன் எழுதறேன் பெரியம்மா" என்றான். புரியவில்லை. "எனக்குப் புரியற மாதிரி சொல்லு. முப்பத்தஞ்சு வருஷம் பிள்ளைங்களுக்குப் புரியற மாதிரி சொல்லித்தான் சம்பளம் வாங்கினேன்" என்றேன். அதிலிருந்துதான் இந்தக் கதை ஆரம்பம்.

முதலில் விஷயத்தைச் சொல்கிறேன். கதை பிறகு.

புரோகிராமில் ஃபங்ஷன் என்று ஒன்று உண்டு. உறவினர்கள் பயப்பட வேண்டாம், மொய் எழுத வேண்டிய ஃபங்ஷன் இல்லை. அடிக்கடி செய்கிற ஒரு வேலையை ஒரு தடவை எழுதி, அதற்கு ஒரு பெயர் வைத்துவிடுவது. 'வர்க்கம் என்றால் கொடுத்த எண்ணை அதே எண்ணால் பெருக்கு' என்று ஓரிடத்தில் எழுதிவிட்டால், பிறகு வேண்டிய இடத்தில் வர்க்கம்(5) என்று கூப்பிட்டால் போதும், 25 வரும்.

கூப்பிடுவதற்கு ஒரு செலவு உண்டு. பாடம் நடத்தும்போது "பக்கம் 112-ல் உள்ள சூத்திரத்தைப் பார்" என்று வந்தால் என்ன செய்வோம்? படித்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு, அந்தப் பக்கத்துக்குப் போய், பார்த்துவிட்டு, விரல் வைத்த இடத்துக்குத் திரும்பி வருவோம். கம்ப்யூட்டரும் இதையேதான் செய்கிறது. திரும்ப வேண்டிய இடத்தைக் குறித்துக்கொண்டு, ஃபங்ஷன் இருக்கும் இடத்துக்குத் தாவி, வேலையை முடித்து, விடையோடு திரும்புகிறது. பக்கம் 112-ல் இருப்பது ஒரே ஒரு வரி என்றால், போய் வரும் செலவு அந்த வரியைப் படிக்கும் செலவைவிட அதிகம். அந்த ஒரு வரியை இங்கேயே எழுதிவிட்டால் தாவல் மிச்சம். அதாவது, வர்க்கம்(5) என்பதை அழித்துவிட்டு 5 × 5 என்றே எழுதிவிடுவது. இதற்கு இன்லைன் செய்வது என்று பெயர். சூத்திரம் ஒரு பக்க நீளம் என்றால் இப்படிச் செய்யக்கூடாது. நூறு இடத்தில் நூறு பக்கம் எழுதி புத்தகம் தலையணை ஆகிவிடும். அதனால்தான் 'எளிய' ஃபங்ஷன்களை மட்டும் இன்லைன் செய்கிறார்கள்.

இது நேற்று முளைத்த யோசனை இல்லை. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 1949-ல் எட்சாக் என்ற கம்ப்யூட்டர் ஓடத் தொடங்கியது. அங்கே இருந்த டேவிட் வீலர் என்ற இளைஞர்தான், ஒரு துணை நிரலுக்குத் தாவிப் போய்த் திரும்பி வரும் வழியைக் கண்டுபிடித்தவர். வில்க்ஸ், வீலர், கில் மூவரும் சேர்ந்து 1951-ல் புரோகிராம் எழுதுவதைப் பற்றி ஒரு புத்தகம் போட்டார்கள். இரண்டு வகைத் துணை நிரல்களை அப்போதே பிரித்துச் சொல்லிவிட்டார்கள். தாவிப் போய்த் திரும்புவது மூடிய வகை, வேண்டிய இடத்திலேயே பொருத்திவிடுவது திறந்த வகை. இன்றைய இன்லைன் என்பது அந்தத் திறந்த வகைதான்.

அமெரிக்காவில் கிரேஸ் ஹாப்பர் அம்மையார் முதலில் கல்லூரியில் கணக்கு டீச்சராக இருந்தவர். அவர் கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த காலத்தில், ஒருவர் நோட்டில் இருக்கும் துணை நிரலைப் பார்த்து அடுத்தவர் தன் நோட்டில் எழுதிக்கொள்வார்களாம். எழுதும்போது தப்பு, முகவரி எண்களைக் கூட்டும்போது தப்பு. மனிதர்களுக்குக் காப்பியடிக்கவும் சரியாக வராது, கூட்டவும் சரியாக வராது என்று பார்த்துத்தான், இந்த வேலையை இயந்திரமே செய்யட்டும் என்று 1950-களின் தொடக்கத்தில் அவர் ஏ-0 என்ற முதல் கம்பைலரை எழுதினார். பரீட்சை ஹாலில் முப்பத்தைந்து வருடம் நின்றவள் என்ற முறையில் இந்தக் கருத்தை நான் முழுமையாக ஆமோதிக்கிறேன்.

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

"இன்லைன் பண்ற பிளக்இன் ஒண்ணு நானே எழுதணும்" என்று அடம்பிடித்தேன். அவன் சிரித்துவிட்டு, "முதல்ல உங்களுக்குத் தெரிஞ்ச வழியில செஞ்சு பாருங்க பெரியம்மா" என்றான். எனக்குத் தெரிந்த வழி தேடி மாற்றுவதுதான். புரோகிராமை வெறும் எழுத்தாக எடுத்துக்கொள்வது. 'வர்க்கம்' என்ற சொல் எங்கே வருகிறதோ, அதன் அடைப்புக்குறிக்குள் இருப்பதை எடுத்து, நடுவில் ஒரு பெருக்கல் குறி போட்டு இரண்டு தடவை எழுதிவிடுவது. வர்க்கம்(5) என்பது 5 × 5 ஆனது. வர்க்கம்(12) என்பது 12 × 12 ஆனது. சந்தோஷத்தில் அவனுக்குக் காபி போட எழுந்தேன். "இருங்க, இதையும் போட்டுப் பாருங்க" என்று அவன் ஒரு வரி அடித்தான்.

வர்க்கம்(3 + 2)

25 வர வேண்டும். திரையில் 11 வந்தது.

என்ன நடந்தது என்று கணக்கு டீச்சருக்கு உடனே தெரிந்துவிட்டது. என் நிரல் அடைப்புக்குறிக்குள் இருந்த 3 + 2 என்பதை அப்படியே எடுத்து இரண்டு பக்கமும் போட்டிருக்கிறது. 3 + 2 × 3 + 2. பெருக்கலை முதலில் செய்ய வேண்டும் என்பது விதி. 3 + 6 + 2. பதினொன்று.

அவன் சிரித்துக்கொண்டே, "எல்லாரும் முதல்ல இதுலதான் விழுவாங்க பெரியம்மா" என்றான். நான் சிரிக்கவில்லை. அந்தப் பதினொன்றை இதற்கு முன்னால் நான் பார்த்திருக்கிறேன்.

1996. எட்டாம் வகுப்பு. இயற்கணிதத்தில் பிரதியிடுதல் பாடம். புத்தகத்தில் ஆங்கில எழுத்து இருக்கும், இங்கே அ என்று போடுகிறேன். 'ஒரு சதுரத்தின் பக்கம் அ + 2. அதன் பரப்பளவு என்ன? அ = 3 எனில் பரப்பளவின் மதிப்பு என்ன?' இதுதான் கணக்கு. பலகையில் 'பரப்பளவு = பக்கம் × பக்கம்' என்று எழுதினேன். "பக்கம் என்று இருக்கிற இடத்தில் எல்லாம் கொடுத்திருப்பதை அப்படியே எடுத்துப் போடு" என்று சொன்னேன். 'அப்படியே' என்ற சொல்லை அழுத்திச் சொல்வது என் வழக்கம். உங்களில் சிலர் என்னை மாதிரி பேசிக் காட்டும்போது அந்தச் சொல்லைத்தான் இழுப்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.

நான்காவது வரிசையில் ஒரு பையன். சிலேட்டுக் காலத்திலிருந்தே கணக்கில் ஆர்வம் உள்ளவன் என்று கீழ் வகுப்பு டீச்சர் சொல்லி அனுப்பிய பையன். அவன் நோட்டில் அ + 2 × அ + 2 என்று எழுதியிருந்தான். அதைச் சுருக்கி 3அ + 2 என்றும், மதிப்பு 11 என்றும் போட்டிருந்தான். பக்கம் 5 என்றால் பரப்பளவு 25 என்பது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். எனக்குக் கோபம் வந்தது. "இது என்ன பதினொன்று?" என்றேன்.

"நீங்கதான் டீச்சர் அப்படியே எடுத்துப் போடச் சொன்னீங்க" என்றான்.

எதிர்த்துப் பேசுகிறான் என்று நினைத்தேன். மரஸ்கேலைத் திருப்பிப் பிடித்துப் புறங்கையில் அடித்தேன். மூன்று அடியோ நாலு அடியோ. அதோடு விடவில்லை. "நீ எல்லாம் மாடு மேய்க்கத்தான் லாயக்கு" என்றும் சொன்னேன். வகுப்பு சிரித்தது. பிறகு பலகையில் (அ + 2) × (அ + 2) என்று எழுதி, அடைப்புக்குறி போட வேண்டும் என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விட்டேன். ஏன் போட வேண்டும் என்று சொல்லவில்லை.

இத்தனை வருடம் கழித்து, என் வீட்டு டைனிங் டேபிளில், நானே எழுதிய நிரல் அதே பதினொன்றைப் போட்டது. நான் சொன்னதை அப்படியே செய்துதான் போட்டது. எந்த இடத்திலும் அது விதியை மீறவில்லை. அந்தப் பையனும் மீறவில்லை. சொன்னபடி எடுத்துப் போட்டான், பெருக்கலை முதலில் செய்தான், ஒத்த உறுப்புகளைச் சேர்த்தான். மூன்றும் நான் சொல்லிக்கொடுத்தவை. நான் சொல்லிக்கொடுக்காத நான்காவது ஒன்றுக்காகத்தான் அவனுக்கு அடி விழுந்தது.

இன்னொன்றையும் தங்கை மகன் காட்டினான். சி என்ற கம்ப்யூட்டர் மொழியில் மேக்ரோ என்று ஒன்று உண்டு. அது வெறும் எழுத்தை எடுத்து எழுத்தின் இடத்தில் போடும். கெர்னிகன், ரிட்சி என்ற இருவர் எழுதிய சி மொழிப் புத்தகம் உலகம் முழுவதும் பாடப்புத்தகம் மாதிரி. 1988-ல் வந்த அதன் இரண்டாம் பதிப்பில் இதே வர்க்கக் கணக்கை எடுத்துக்கொண்டு, அடைப்புக்குறி போடாவிட்டால் விடை கெட்டுப்போகும் என்று எச்சரித்திருக்கிறார்கள். அதாவது படித்த இன்ஜினியர்கள் எல்லோரும் இந்தத் தப்பைச் செய்வார்கள் என்று தெரிந்து, முன்கூட்டியே அச்சடித்து வைத்திருக்கிறார்கள். அதற்கு எட்டு வருடம் கழித்து, பதின்மூன்று வயதுப் பையன் ஒருவனை நான் அதே தப்புக்கு அடித்தேன்.

அன்று ராத்திரி சரியாகத் தூங்கவில்லை. மறுநாள் காலையில், "சரிடா, சரியான வழி எது?" என்று கேட்டேன்.

சரியான வழி மரம். ஜாவாஸ்கிரிப்டுக்கு பேபல் என்று ஒரு கம்பைலர் இருக்கிறது. ஒரு நிரலை வாங்கி, மாற்றி, இன்னொரு நிரலாகவே எழுதிக்கொடுக்கும். 2014-ல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த செபாஸ்டியன் மெக்கென்சி என்ற இளைஞர் பள்ளிப் படிப்பை முடிக்கிற வயதில் அதை எழுதத் தொடங்கினார். அப்போது பெயர் வேறு, 2015-ல் பேபல் என்று மாற்றினார்கள். அது மூன்று படிகளில் வேலை செய்யும். முதலில் நிரலைப் படித்து ஒரு மரமாக்கும். பிறகு மரத்தில் மாற்றம் செய்யும். கடைசியில் மரத்தைத் திரும்ப எழுத்தாக எழுதும். நடுப்படியில் நம் விருப்பத்துக்கு ஒரு வேலையைச் செருகலாம். அந்தச் செருகல்தான் பிளக்இன்.

மரம் என்றால் என்ன? 3 + 2 என்பதில் கூட்டல் ஒரு கணு, அதற்கு 3, 2 என்று இரண்டு கிளைகள். வர்க்கத்தில் பெருக்கல் ஒரு கணு. வர்க்கம்(3 + 2) என்பதை மரத்தில் இன்லைன் செய்தால், மேலே ஒரு பெருக்கல் கணு, அதன் இரண்டு பக்கத்திலும் இரண்டு கூட்டல் கணுக்கள். கூட்டல்கள் தனித்தனிக் கொத்தாகத் தொங்குகின்றன. ஒன்றோடு ஒன்று கலக்கவே முடியாது. இதில் அடைப்புக்குறி எங்கே என்று தேடினேன். இல்லை. மரத்துக்கு அடைப்புக்குறி தேவையே இல்லை. அதைத் திரும்ப ஒரே வரியில் எழுதும்போதுதான் பேபல் பார்த்து, பெருக்கலுக்குக் கீழே கூட்டல் இருக்கிறது, இங்கே போட்டே ஆக வேண்டும் என்று (3 + 2) × (3 + 2) என எழுதுகிறது.

இதைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது என்றால் மிகையில்லை. அடைப்புக்குறியை முதலில் செய், பிறகு பெருக்கு, பிறகு கூட்டு என்று எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன்! அடைப்புக்குறி எதற்காக இருக்கிறது என்று எனக்கே இப்போதுதான் புரிந்தது. கணக்கு மனதில் மரமாக இருக்கிறது, காகிதத்தில் வரியாக எழுத வேண்டியிருக்கிறது. மரத்தை வரியாக்கும்போது எது எதோடு சேர்ந்தது என்பது தொலைந்துவிடாமல் காப்பதுதான் அடைப்புக்குறி. ஆசிரியர் பயிற்சியில் எனக்கு யாரும் இதைச் சொல்லவில்லை. தெரிந்திருந்தால் அந்தப் பையனிடம் பலகையில் ஒரு சதுரம் வரைந்து, "இந்தப் பக்கம் முழுசும் ஒரே கொத்துடா, பிரிக்காம எடுத்துப் போடு" என்று சொல்லியிருப்பேன். ஒரு நிமிட வேலை.

பிளக்இன் எழுத ஐந்து நாள் ஆனது. அறுபது வரி இருக்கும். மரத்தில் ஒவ்வொரு கணுவாகப் போய், இது ஒரு ஃபங்ஷனைக் கூப்பிடும் கணுவா என்று பார்க்க வேண்டும். ஆம் என்றால், அந்த ஃபங்ஷன் எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று தேட வேண்டும். அது ஒரே ஒரு கோவையைத் திருப்பித் தருகிற எளிய ஃபங்ஷனா என்று பார்க்க வேண்டும். எல்லாம் ஆம் என்றால், அதன் உடலைப் பிரதியெடுத்து, உள்ளே வேண்டிய மதிப்புகளை வைத்து, கூப்பிட்ட கணுவை எடுத்துவிட்டு இதை வைக்க வேண்டும். அவ்வளவுதான் என்று நினைத்தேன். அதற்குப் பிறகுதான் 'எளிய' என்ற சொல் எவ்வளவு சிக்கலானது என்று தெரிந்தது.

முதல் நாளே கம்ப்யூட்டர் திணறி நின்றுவிட்டது. காரணியப் பெருக்கம் கண்டுபிடிக்க ஒரு ஃபங்ஷன் வைத்திருந்தேன். 5-இன் காரணியப் பெருக்கம் என்பது 5 × (4-இன் காரணியப் பெருக்கம்) என்று தன்னையே கூப்பிடும் வகை. என் பிளக்இன் அதை விரித்தது. விரித்ததற்குள் மறுபடியும் அதே அழைப்பு. அதையும் விரித்தது. முடிவே இல்லை. ஒரே வரிதான், ஆனாலும் எளிமை இல்லை. தன்னையே கூப்பிடுவதைத் தொடாதே என்று ஒரு விதி சேர்த்தேன்.

அடுத்தது பெயர்க் குழப்பம். ஃபங்ஷனுக்குள் 'எல்லை' என்று ஒரு பெயர், வெளியே இருக்கும் ஒரு மதிப்பைக் குறிக்கிறது. கூப்பிடும் இடத்திலும் 'எல்லை' என்று வேறொரு மதிப்பு. அங்கிருந்து எடுத்து இங்கே வைத்ததும், இங்கே இருக்கும் எல்லையை அது பிடித்துக்கொண்டது. ஒரே வகுப்பில் இரண்டு செல்வி இருந்தால் இனிஷியல் சேர்த்துக் கூப்பிடுகிற மாதிரி, பெயரை மாற்றிவிட்டுத்தான் வைக்க வேண்டும். இது பெரியவர்களுக்கும் தலைவலிதானாம். ஹாஸ்கெல் என்ற மொழியின் கம்பைலரைப் பற்றி சைமன் பெய்டன் ஜோன்ஸ், சைமன் மார்லோ இருவரும் 2002-ல் இன்லைன் செய்வதற்கென்றே ஒரு நீண்ட கட்டுரை எழுதியிருக்கிறார்கள். பெயர்கள் இப்படி மாட்டிக்கொள்ளாமல் காப்பது எப்படி என்பதும் அதில் முக்கியமான ஒரு பகுதி.

மூன்றாவது தப்பை நான் கண்டுபிடிக்கவில்லை. ஏழாம் வகுப்பு படிக்கும் பக்கத்து வீட்டுப் பெண் கண்டுபிடித்தாள்.

என் பக்கத்தில் ஒரு விளையாட்டு உண்டு. கம்ப்யூட்டர் மனதுக்குள் ஒரு எண்ணை எடுத்து, அதன் வர்க்கத்தை மட்டும் காட்டி, 'இது எந்த எண்ணின் வர்க்கம்?' என்று கேட்கும். பிளக்இன் போட்ட புதுப் பக்கத்தை அவளிடம் கொடுத்துவிட்டு நான் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில், "பாட்டி, இதுல தப்பா கேக்குது" என்றாள்.

"நல்லாப் பாரு. பாட்டி சரியாத்தான் எழுதியிருக்கேன்" என்றேன். வாயில் வந்துவிட்டது. முப்பத்தைந்து வருடப் பழக்கம்.

அவள் விடவில்லை. "28-ன்னு கேக்குது பாட்டி. அஞ்சஞ்சு இருவத்தஞ்சு, ஆறாறு முப்பத்தாறு. நடுவுல எதுவும் இல்லையே."

பூண்டைக் கீழே வைத்தேன். அவள் சொன்னது சரி. 28 எந்த முழு எண்ணின் வர்க்கமும் இல்லை. நிரலைத் திறந்து பார்த்தேன். முதலில் வர்க்கம்(புதுஎண்()) என்று இருந்தது. 'புதுஎண்' என்பது கூப்பிடும் ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு எண்ணைக் குருட்டாம்போக்கில் எடுத்துத் தரும். என் பிளக்இன் அதை விரித்து புதுஎண்() × புதுஎண்() என்று ஆக்கியிருந்தது. மரம் சரி, அடைப்புக்குறி சரி. ஆனால் முன்பு ஒரு தடவை எண்ணை எடுத்து அதையே இரண்டு பக்கமும் வைத்தது. இப்போது இரண்டு தடவை போய் இரண்டு எண்ணை எடுக்கிறது. ஒரு தடவை 7, ஒரு தடவை 4. ஏழு நாலு இருபத்தெட்டு.

ஒரு செயலை இரண்டு தடவை செய்வதும், ஒரு தடவை செய்து அதன் பலனை இரண்டு தடவை பயன்படுத்துவதும் ஒன்றல்ல. எண்ணோ, பெயரோ, அவற்றைக் கூட்டிப் பெருக்கிய கோவையோ என்றால் எத்தனை தடவை எழுதினாலும் அதே மதிப்பு. உள்ளே இன்னொரு அழைப்பு இருந்தால் அப்படி நம்ப முடியாது. முதலில் ஒரு தனிப் பெயரில் விடையை வாங்கி வைத்துக்கொண்டு பிறகு விரிக்கலாம், அல்லது விரிக்காமலே விட்டுவிடலாம். நான் விட்டுவிட்டேன். சந்தேகம் வந்தால் கையை வைக்காதே என்பதுதான் நல்ல கம்பைலரின் குணமாம். நல்ல டீச்சருக்கும் அது இருந்திருக்கலாம்.

அந்தப் பெண்ணிடம், "நீ சொன்னதுதான் சரி, பாட்டி எழுதினதுதான் தப்பு" என்று சொன்னேன். அவள் அதை ஒன்றும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "சரி, மாத்திக் குடுங்க" என்றாள். நான்தான் ரொம்ப நேரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் முதல் பதிலோடு அவள் அடங்கிப் போயிருந்தால் அந்த 28 அங்கேயே இருந்திருக்கும்.

கடைசியில் பிளக்இன் ஒழுங்காக ஓடியது. ஆவலோடு போனில் போட்டு வேகம் பார்த்தேன். ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. தங்கை மகனிடம் போனில் கேட்டால், "குரோம் பிரவுசருக்குள்ள வி8-ன்னு ஒரு இன்ஜின் இருக்கு பெரியம்மா. அடிக்கடி கூப்பிடற சின்ன ஃபங்ஷனை அதுவே ஓடும்போது இன்லைன் பண்ணிக்கும். கூகுளோட குளோஷர் கம்பைலரும் முன்கூட்டியே இந்த வேலையைச் செய்யும், அது 2009-லேர்ந்தே இலவசமாக் கிடைக்குது" என்றான். "அப்புறம் எதுக்குடா என்னை இத்தனை நாள் பாடுபடுத்தினே?" என்றேன். "நீங்கதானே பெரியம்மா கேட்டீங்க" என்றான். அதுவும் சரிதான்.

ஆக, வேகத்துக்கு என்று பார்த்தால் என் பிளக்இன்னால் யாருக்கும் பைசா பிரயோசனம் இல்லை. ஆனால் அந்தப் பதினொன்று மனதை விட்டுப் போகவில்லை. 96 பேட்ச் வாட்ஸ்அப் குழுவில் இருக்கும் ஒரு பிள்ளையிடம் கேட்டு அவன் நம்பர் வாங்கினேன். அவன் அந்தக் குழுவில் இல்லை. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. இரண்டு நாள் நம்பரை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மூன்றாம் நாள் கூப்பிட்டேன்.

குரலை உடனே கண்டுபிடித்துவிட்டான். "டீச்சர்! நல்லா இருக்கீங்களா? சுகரெல்லாம் இல்லையே?" என்றான். நலம் விசாரித்து முடித்ததும் விஷயத்தைச் சொன்னேன். சதுரம், அ + 2, பதினொன்று என்று எல்லாம் சொன்னேன். நீ எழுதியது நான் சொன்னபடிதான் இருந்தது, சொன்ன நான்தான் குறை, அடித்தது தப்பு, சொன்ன வார்த்தை அதைவிடத் தப்பு, மன்னித்துக்கொள் என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. மிஷின் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

"அந்தக் கணக்கு எனக்கு ஞாபகம் இல்ல டீச்சர்" என்றான். "அடி வாங்கினது ஞாபகம் இருக்கு. எல்லாரும் சிரிச்சது ஞாபகம் இருக்கு. அதுக்கப்புறம் கிளாஸ்ல நான் எதுவும் கேக்கறதில்ல. எதுக்கு வம்புன்னு விட்டுட்டேன்."

எனக்குப் பேச வரவில்லை. அவனே, "மன்னிப்பெல்லாம் பெரிய வார்த்தை டீச்சர். விடுங்க" என்றான். அவன் பெருந்தன்மையாகச் சொன்னான். அதனால் நான் செய்தது சரியாகிவிடாது என்று எனக்குத் தெரியும். எட்டாம் வகுப்புக்குப் பிறகு அவன் ஏன் படிக்கவில்லை என்பதற்கு வீட்டில் பல காரணங்கள் இருந்தன. அவற்றோடு என் ஸ்கேலும் இருந்ததா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் 'இல்ல டீச்சர்' என்றுதான் சொல்வான்.

அவன் மகள் இப்போது எட்டாம் வகுப்பு. கணக்கில் சந்தேகம் வந்தால் அப்பாவிடம் கேட்பாளாம், இவன் "அம்மாவைக் கேளு" என்று நழுவிவிடுவானாம். "என்கிட்டக் கேக்கச் சொல்லு" என்றேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் வீடியோ காலில் வருகிறாள். போன வாரம் பிரதியிடுதல் நடத்தினேன். 'அப்படியே எடுத்துப் போடு' என்று வாய் வரை வந்தது. நிறுத்திக்கொண்டு, "கொத்தோட எடுத்துப் போடு, கொத்து கலையாம இருக்க அடைப்புக்குறி போடு" என்றேன். அவள் அப்பா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

அவன் அனுமதி வாங்கித்தான் இதை எழுதுகிறேன். "பேரு மட்டும் வேணாம் டீச்சர்" என்றான். 96 பேட்ச் பிள்ளைகளே, யார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். கீழே பெயர் எழுத வேண்டாம். அன்று சிரித்தவர்கள் முடிந்தால் அவனுக்கு ஒரு போன் செய்யுங்கள்.

உங்களில் இருபது பேராவது இன்று ஆசிரியர்களாக இருக்கிறீர்கள். உங்களுக்கு ஒன்றே ஒன்று. பிள்ளை தப்பான விடை சொன்னால், விடையைப் பார்ப்பதற்கு முன் நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று ஒரு தடவை நினைத்துப் பாருங்கள். சொன்னதை அப்படியே செய்திருக்கலாம்.

கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் பிள்ளைகளுக்கு: மேலே எழுதியதில் தப்பு இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள். இப்போது என் கையில் ஸ்கேல் இல்லை.

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்